பிராட்காஸ்ட் இன்ஜினியரிங் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்: சேரலாமா?

இங்க இங்கிலாந்துல ஏ லெவல் முடிக்கிற நம்ம பசங்க நிறைய பேர் இதைக் கேக்கறாங்க, அதாவது டிவி ஒளிபரப்பு டெக்னாலஜி கம்பெனில வேலை பாத்துக்கிட்டே டிகிரியும் படிக்கறது, நான் முடிச்ச கையோட எழுதிடறேன். தாராளமா சேருங்க. ஆனா எந்த கம்பெனில சேர்றீங்கங்கறதுல தான் பாதி விஷயமே இருக்கு.

காசு பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். சாதாரணமா டிகிரி படிச்சா 2025-26 கணக்குல ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு 9,535 பவுண்ட் வரைக்கும் போகுது, இதுல நாம ஒரு பென்னி கூட கட்ட வேணாம், கம்பெனியும் அரசாங்கமும் பாத்துக்கறாங்க, மாசாமாசம் சம்பளமும் வருது.

எனக்கு ரொம்ப பிடிச்சது வேற. கிளாஸ்ல பிடிபி நடத்துனாங்க, அதாவது 2110ல (வீடியோவ ஐபி நெட்வொர்க்ல அனுப்பறதுக்கான ஸ்டாண்டர்ட்) வீடியோ ஆடியோ எல்லாம் தனித்தனி ஸ்ட்ரீமா நெட்வொர்க்ல போறதால எல்லா எக்விப்மெண்ட்டும் ஒரே கடிகாரத்தப் பாத்து ஓடணும், அந்த நேரத்த நெட்வொர்க் வழியாவே கொடுக்கறது தான் பிடிபி. நோட்ஸ்ல படிக்கறப்ப சரி சரின்னு இருந்துச்சு. வேலைக்கு திரும்பி வந்தா ஸ்டுடியோல ஒரே ஒரு கேமரா மட்டும் கொஞ்ச நேரத்துக்கொரு தடவ படம் துள்ளுது, மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. சீனியர் அண்ணா ஒருத்தர் "கேபிள விடுப்பா, அது எந்த கடிகாரத்தப் பாக்குதுன்னு பாரு"ன்னார். பாத்தா டொமைன் நம்பர் (எந்த கடிகார குரூப்ப பாக்கணும்னு சொல்ற பிடிபி செட்டிங்) 127க்கு பதிலா 0ன்னு கிடக்கு, ஸ்டுடியோவோட மாஸ்டர் கடிகாரத்த கண்டுக்காம அது தன் போக்குல ஓடிட்டு இருந்திருக்கு. நம்பர மாத்துனதும் மாஸ்டரோட லாக் ஆகி ஆஃப்செட், அதாவது ரெண்டுக்கும் நடுவுல இருந்த நேர வித்தியாசம், மடமடன்னு இறங்கி படம் நிதானமாச்சு பாருங்க, அந்த சந்தோஷத்த எந்த லெக்சர் ஹாலும் கொடுக்காது.

இப்ப குறை. படிப்புக்கான நேரம் வேலை நேரத்துக்குள்ளயே தரணும்ங்கறது விதி, ஆனா எங்க டீம்ல ஆள் பத்தலன்னா முதல்ல பறிபோறது அந்த நேரம் தான். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து உக்காந்து ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம் போடறதெல்லாம் கொடுமைங்க, கணக்கு இதுல நிறையவே வரும், அதுல தடுமாறுறவங்க நல்லா யோசிச்சுக்கோங்க. பாடத்திட்டமும் கொஞ்சம் பின்தங்கி இருந்துச்சு. எஸ்டிஐ, அதாவது வீடியோவ நெட்வொர்க் இல்லாம நேரா கேபிள்ல அனுப்பற பழைய முறை, வேணாம்னு சொல்லல, வினாடிக்கு 1.485 கிகாபிட் போற அந்த கேபிள் இன்னும் எத்தனையோ இடத்துல ஓடுது, ஆனா நெட்வொர்க் ஸ்விட்ச், மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீம ஒரே நேரத்துல பல எக்விப்மெண்ட்டுக்கு அனுப்பறது) இதையெல்லாம் நான் கத்துக்கிட்டது முழுக்க வேலைல தான். அப்புறம் காலேஜ் வாழ்க்கை, ஃப்ரெண்ட்ஸ் கூட்டம்னு ஆசை இருந்தா அது இதுல பெருசா கிடைக்காது.

அதனால இன்டர்வியூல நீங்களும் கேள்வி கேளுங்க. படிப்பு நாள்ல ஷிப்ட் போடுவீங்களா, போட்டா அந்த நேரத்த எப்ப திருப்பித் தருவீங்கன்னு நேராவே கேளுங்க. ஏற்கனவே அங்க படிச்சுட்டு இருக்கற ஒருத்தர்கிட்ட தனியா பேசணும்னு சொல்லுங்க, அதுக்கு இழுத்தடிச்சாங்கன்னா வேற இடத்துக்கு அப்ளை பண்ணுங்க.