வாட்டர் ஹீட்டருக்கு ஸ்மார்ட் பிளக்கா, காண்டாக்டரா?

வாட்டர் ஹீட்டரை நேரம் குறித்து இயக்க, என் வீட்டில் முதலில் இருந்தது 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அதைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு சிறு பெட்டிக்குள் 25 ஆம்பியர் காண்டாக்டரை, அதாவது சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகிப் பெரிய முனைகளை இணைக்கும் ஸ்விட்சை, பொருத்திக்கொண்டேன். இந்த அலசல் இரண்டாவதன் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளக்கின் வசதிகள் தெரிந்தவைதாம். செருகினால் போதும், எலக்ட்ரீஷியன் வேண்டாம், வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம். வைஃபையா, ஜிக்பீ என்ற இன்னொரு கம்பியில்லா முறையா என்று நீளும் வாதம் கட்டளை பிளக்குக்குப் போய்ச் சேர்வதைப் பற்றியது மட்டுமே. வந்து சேர்ந்த கட்டளையைப் பிளக் நிறைவேற்றுகிறதா என்பது வேறு கேள்வி. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தபோது ஹீட்டர் அணைந்திருப்பதாகக் காட்டியது. அதற்கு நேர் கீழே 1,980 வாட் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவினேன். பின்களின் அடிப்பகுதியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறியிருந்தது. பிரித்துப் பார்த்தால், கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் குட்டி ஸ்விட்சான ரிலேயின் இரு முனைகளும் உருகி ஒட்டியிருந்தன. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பிய பிறகே பிரிந்தன. பெரும்பாலான பிளக்குகளில் செயலி காட்டுவது ரிலேக்குக் கொடுத்த கட்டளையைத்தான். முனைகள் உண்மையிலேயே விலகினவா என்பதை அது அறியாது. வாட் அளவைக் காட்டாத பிளக்காக இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

வெப்பத்தின் கணக்கு எளியது. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். ஓர் இணைப்பில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை அங்குள்ள மின்தடையால் பெருக்கினால் வருவது. ஆகவே, தளர்ந்த சாக்கெட்டில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும், காற்றோட்டமே இல்லாத அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஏழரை வாட் வெப்பம் ஓயாமல் சேரும். சூட்டில் சாக்கெட்டின் பித்தளைக் கவ்வி பிடிமானம் இழக்கும், பின்னின் மேல் ஆக்சைடு படியும், தடை கூடும், சூடு மேலும் ஏறும். ஓடும் மின்னோட்டம் அளவுக்குள் இருப்பதால், அளவு மீறினால் மட்டுமே துண்டிக்கும் எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. சுவர்ச் சாக்கெட்டுக்கும் ஹீட்டர் கம்பிக்கும் நடுவே ஸ்மார்ட் பிளக்கைச் செருகுவது, ஏற்கெனவே இருக்கும் பின் இணைப்போடு இன்னொரு பின் இணைப்பையும் ஒரு குட்டி ரிலேயையும் சேர்ப்பதுதான்.

காண்டாக்டரில் பின்களுக்கே இடமில்லை. கம்பிகள் ஸ்க்ரூவால் இறுக்கப்படுகின்றன. முனைகள் பெரியவை, விலகும் இடைவெளி அதிகம், இரட்டை முனை வகையை வாங்கினால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். ஸ்மார்ட் பகுதி தனியே ஒரு சிறு ரிலே. அது சுமப்பது காண்டாக்டர் சுருளுக்கான சில வாட்டுகளை மட்டுமே. சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் அந்தச் சிறு ரிலேயைத் தின்றுவிடாமலிருக்க, சுருளுக்கு இணையாக, அந்தத் துள்ளலை உறிஞ்சும் ஸ்னப்பர் ஒன்றைப் போடச் சொன்னார் எலக்ட்ரீஷியன், போட்டிருக்கிறோம்.

குறைகளும் உண்டு. வீட்டு உரிமையாளர் சம்மதமும் தேர்ந்த கையும் வேண்டும். இயங்கும்போது 'டக்'கென்ற ஓசையும் மெல்லிய முனகலும் எழுவதால், படுக்கையறைச் சுவரில் வைத்தால் தூக்கம் கெடும். ஸ்க்ரூக்கள் நாளடைவில் தளரலாம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு இறுக்கச் செய்கிறேன். காண்டாக்டரும் ஒட்டிக்கொள்ளாது என்று உறுதி கூற மாட்டேன். என் அனுபவம் இரண்டே ஆண்டுகள், அதுவும் ஹீட்டரோடு மட்டும். தண்ணீர் மோட்டாருக்கு இதே காண்டாக்டரைப் பரிந்துரைக்கத் துணியவும் மாட்டேன். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு பாயும். அதற்கு, ஹீட்டர் போன்ற சுமைகளுக்கான ஏசி-1 என்ற மதிப்பை விட்டுவிட்டு, மோட்டாருக்கான ஏசி-3 மதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும், மின்வெட்டு நீங்கியதும் 'அணைந்த நிலை'யிலேயே இருக்கும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். நான் வாங்கிய பிளக்கில் 'முந்தைய நிலை' என்றே இருந்தது. நள்ளிரவில் மின்சாரம் திரும்பியபோது ஆளில்லாத குளியலறையில் ஹீட்டர் தானாகக் கிளம்பியதற்கு அதுவே காரணம்.

ஸ்மார்ட் பிளக்கை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ஒன்று மேசை விளக்குக்கும், ஒன்று அவ்வப்போது உறைந்துபோகும் ரவுட்டரை அணைத்து இயக்கவும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 30 வாட்டைத் தாண்டுவதில்லை.