த, ட, கி: சூலூர் தாள வகுப்பில் ஐந்து மாதம்

தாளத்தின் இரண்டு அடிக்குள் மூன்று தட்டைச் சமமாக வைக்கத் தெரியாமலே பதினோரு வருடம் டிரம்ஸ் வாசித்திருக்கிறேன். கோயம்புத்தூர் பக்கம் சோமனூரில் எங்களுக்குத் தறிகுடோன். எட்டுத் தறி, கூலிக்கு நெசவு. நோம்பி சீசனில் ஒரு சின்ன மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போவேன். ஆறு-எட்டுப் பாட்டு, குத்துப்பாட்டு எல்லாம் கை தன்னால் போகும். ஆனால் பாட்டின் நடுவே இரண்டு அடியை மூன்றாகப் பிரித்து ஒரு ட்ரிப்லெட் வந்தால், அந்த மூன்றாவது தட்டு எப்போதும் தாமதமாகத்தான் விழும். போன சித்திரையில் ஒரு மாரியம்மன் கோயில் மேடையில் அப்படித் தாமதமாகி, பாடிக்கொண்டிருந்த அண்ணன் அடுத்த வரியை எடுக்க இடம் தெரியாமல் நின்றுவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்கு முன்பே 4,500 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தேன். அதில் 'ஒன்-ட்ரிப்-லெட், டூ-ட்ரிப்-லெட்' என்று எண்ணச் சொன்னார்கள். நாற்பது வீடியோ பார்த்தேன். என் வாய்க்கு 'ட்ரிப்' என்ற இடத்தில் நாக்கு இடறும். நாக்கு இடறினால் கையும் இடறும். தப்பு எங்கே என்று பார்த்துச் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை.

பிறகுதான் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி இந்த வகுப்பைச் சொன்னான். சூலூரில், குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டு மாடி. பெயர்ப்பலகை கிடையாது. ஆசிரியருக்கு அறுபது தாண்டியிருக்கும். முதலில் மிருதங்கம் படித்து, பிறகு பல வருடம் கச்சேரிக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்றேகால் மணி நேரம். மாதம் 1,200 ரூபாய்.

முதல் நாள் குச்சியோடு போனேன். அவர் அதை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டார்.

"வாயில வராதது கையில வராதுங் கண்ணு. சும்மா உக்காந்து தகிட சொல்லு."

சொன்னேன். எனக்குத் தெரிந்த வேகத்தில், மேடை வேகத்தில்.

"வெசையா வேண்டாம். பையச் சொல்லு. வெசையாச் சொன்னா தப்பு ஒளிஞ்சுக்கும்."

தாள அடியை டிக் டிக் என்று ஒலித்துக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 என்று வைத்தார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு நொடிக்கும் மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் த, கி, ட மூன்றும் ஒரே அளவில் உட்கார வேண்டும். எனக்கு 'கி' சீக்கிரம் வந்தது, 'ட' இழுத்தது. முதல் இரண்டு வாரமும் இது மட்டும்தான். இலக்கணத்தில் படித்ததை அவர்தான் ஞாபகப்படுத்தினார்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. த, கி, ட மூன்றும் குறில். தமிழ் பேசுகிற வாய் அதைத் தன்னால் சமமாகப் பங்கு போடுகிறது. ஆங்கிலத்தில் எண்ணி எனக்கு வராதது தகிடவில் வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் கையில் ஆதி தாளம் போடச் சொன்னார். எட்டு அட்சரம், அதாவது சுற்றுக்கு எட்டு அடி. ஒரு சுற்று தகதிமி, அதாவது அட்சரத்துக்கு நான்கு வீதம் 32. அடுத்த சுற்று தகிட, அட்சரத்துக்கு மூன்று வீதம் 24. மறுபடி தகதிமி. கையின் வேகம் மாறவே கூடாது. இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம். நாலிலிருந்து மூன்றுக்கு வரும்போது வாய் பழைய வேகத்திலேயே ஓடும், அட்சரம் சீக்கிரம் முடிந்துவிடும், கை முந்திப் போகும். ஒவ்வொரு சொல்லும் அகலமாக வேண்டும் என்று வாய்க்குப் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. எங்கள் வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பாப்பா ஒன்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. வீட்டில் அது பரதம் கற்றுக்கொள்கிறது.

இந்த வகுப்பை நான் எழுதி வைக்க நினைத்ததே அடுத்து வந்த பாடத்துக்காகத்தான். தகிட தகிட என்று இரண்டு அடி சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு எழுத்து. அதை ரப்பர் பேடில் வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். கால் ஒவ்வொரு 'த'வுக்கும் விழ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் வந்து என் இடது கையை மணிக்கட்டில் பிடித்து மெதுவாகத் தூக்கிவிட்டார். வலது கை மட்டும் அப்படியே தட்டிக்கொண்டிருந்தது. த, ட, கி. த, ட, கி. ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது. காலில் இரண்டு, கையில் மூன்று, எல்லாம் சமம். பதினோரு வருடமாக எனக்கு வராத அந்த மூன்று என் வலது கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மேடையில் நான் செய்த தப்பு என்ன என்பதும் அன்றுதான் புரிந்தது. இரண்டு அடியை எட்டாகப் பிரித்து 3, 3, 2 என்று தட்டிக்கொண்டிருந்தேன். காதுக்கு அதுவும் மூன்று தட்டுதான், கிட்டத்தட்ட ட்ரிப்லெட் போலவே கேட்கும். 60 வேகத்தில் இரண்டு அடிக்கு இரண்டு நொடி. சரியான மூன்றாவது தட்டு 1.33 நொடியில் விழ வேண்டும், என்னுடையது 1.5 நொடியில் விழுந்தது. ஆறில் ஒரு பங்கு நொடி வித்தியாசம். பாடுகிறவருக்கு அது ஒரு பள்ளம். டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் தங்களைப் பதிவு செய்து இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் 3-3-2 தான் வாசிக்கிறோம்.

வீட்டுப் பாடத்துக்கு அவர் எனக்கு மட்டும் தனியாக ஒன்று கொடுத்தார். "உங்ககிட்டத் தான் தறி இருக்குதே, அப்பறம் மெட்ரோனோம் எதுக்குங்?" பிள்ளைகள் இருந்தால் அவருக்கு மரியாதைப் பேச்சு வந்துவிடும். காலையில் மற்றத் தறிகளைப் போடுவதற்கு முன்னால் முதல் தறியை மட்டும் ஓட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். கடிகாரம் வைத்து எண்ணினால் அரை நிமிடத்துக்கு 62 ஊடை, அதாவது குறுக்கு நூல் 62 முறை ஓடும். அந்த நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் அடிக்கும், திரும்பி வந்து அடிக்கும். போய் வருவதற்குள் தொடையில் மூன்று தட்டு. முதல் தட்டு நாடா கிளம்பும் சத்தத்தோடு சேர வேண்டும், மற்ற இரண்டும் எந்தச் சத்தத்தோடும் சேரக் கூடாது. இரண்டாவது தட்டு, நாடா அந்தப் பக்கத்து அடிக்குக் கொஞ்சம் முன்னால். மூன்றாவது, அந்த அடிக்குக் கொஞ்சம் பின்னால். இதைப் பிடித்த பிறகு எனக்கு எண்ணுவதே நின்றுபோனது. பக்கத்துத் தறியையும் போட்டுவிட்டால் பயிற்சி நடக்காது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது, கொஞ்ச நேரத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, காதை இழுத்துக்கொண்டு போய்விடும். கரண்ட் ஏற இறங்கத் தறியின் வேகமும் மாறும் என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம் என்று அவரே சொல்லி மெட்ரோனோமுக்குத் திருப்பிவிட்டார். அதுவும் நான்கு அடிக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்கும்படி வைத்து. நடுவில் உள்ள மூன்று அடியை நாமே சுமக்க வேண்டும்.

இப்போது ஐந்தாவது மாதம். நான்கு அடிக்குள் சமமாக மூன்று தட்டு வைக்கும் பாடம் நடக்கிறது. தகிட நான்கு முறை சொல்ல வேண்டும். முதல் தகிடவில் 'த'வைத் தட்ட வேண்டும், இரண்டாவதில் 'கி'யை, மூன்றாவதில் 'ட'வை. நான்காவதை வாய் மட்டும் சொல்லும், கை சும்மா இருக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் அத்தனை அழகு. தட்டும்போது அந்த நான்காவது தகிடவைக் கை காலியாக விடுவதில்லை, இன்னும் சண்டைதான்.

குறைகளும் சொல்லியாக வேண்டும். ஏழு பேருக்கு இரண்டே பேட். ஒன்றேகால் மணி நேரத்தில் கையில் குச்சி பிடிப்பது கால் மணிக்கும் குறைவு. மீதி நேரம் வாயால் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதிலும் பயன் உண்டு என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் சின்னப் பிள்ளைகள் சலித்துப் போகிறார்கள், போன மாதம் இரண்டு பையன்கள் நின்றுவிட்டார்கள். எழுதிக் கொடுக்கும் வழக்கமே இல்லை. ஒரு வாரம் வராவிட்டால் அந்தப் பாடம் போனதுதான், வந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். "எழுதிக் குடுத்தா நோட்டுத்தான் படிக்கும், காது படிக்காது" என்றார். எனக்கு உடன்பாடில்லை. பாடத்துக்கு ஒரு பக்கமாவது கொடுத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

கிரேடு தேர்வு எழுத வேண்டும் என்றால் இந்த இடம் வேண்டாம். நொட்டேஷன் படிக்க இங்கே சொல்லித் தருவதில்லை. புதிதாகக் குச்சி பிடிப்பவர்களும் வேறு எங்காவது ஒரு வருடம் கற்றுக்கொண்டு வருவது நல்லது. ஏற்கெனவே வாசித்துக்கொண்டு, ட்ரிப்லெட் வரும் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறவர்களுக்கு, டிரம்ஸோ கீபோர்டோ தவிலோ எதுவானாலும், இதைவிட நல்ல வகுப்பை நம் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. கிதார்காரர் ஒருவர் திருப்பூரிலிருந்து வருகிறார். அவர் குச்சியே தொடுவதில்லை, தகிட சொல்லித் தொடையில் தட்டிவிட்டுப் போகிறார்.

சொந்தமாக ஒரு ரப்பர் பேட் வாங்கிக்கொண்டு போங்கள், காத்திருக்க வேண்டியதில்லை. காலை ஏழரை என்றால் ஏழரைதான், கதவைச் சாத்திவிடுவார். சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் இருந்து யாராவது சேர்வதாக இருந்தால் என் வண்டியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, ஏழு மணிக்குக் கிளம்புகிறேன்.