அரிசோனா வெயிலுக்கு எந்த ஸ்கோப்? 1×-இல் தொடங்கும் நான்கு ஸ்கோப்புகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பக்கத்துச் சுடுதளம் ஒன்றில், நண்பகலில், வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டைக் குறிபாருங்கள். ரைபிள் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அப்படிப் பல ஸ்கோப்புகளில், நடுவில் ஒளிரும் புள்ளி இருந்த இடமே தெரியாது. வெளிச்சக் குமிழைக் கடைசி எண் வரை திருகினாலும் கண்ணில் படுவது கறுப்புக் கோடு மட்டும்தான். அதே ஸ்கோப் கடைக்குள் செக்கச்செவேலென்று எரிந்திருக்கும். கடையின் விளக்கொளி சுமார் 500 லக்ஸ், நேர் வெயில் 1,00,000 லக்ஸ். இந்த வித்தியாசத்தை எந்த அட்டைப்பெட்டியும் சொல்வதில்லை.

ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் வைத்து ஆடும் த்ரீ-கன் போட்டிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். பத்து கெஜத்தில் இரு கண்ணும் திறந்து, எதையும் பெரிதாக்காத 1×-இல் சுட வேண்டும். அடுத்த நொடியே உருப்பெருக்கத்தை ஏற்றித் தூரத் தகட்டைத் தேட வேண்டும். கிட்டத்தில் கண் கோடுகளைத் தேடாது, புள்ளியைத்தான் தேடும்.

பகலில் புள்ளி தெரியுமா என்பதைத் தீர்மானிப்பது ஒளி வரும் வழி. ரெட்டிக்கிள் எனப்படும் குறிக்கோடுகளைக் கண்ணாடியில் செதுக்கி, பக்கவாட்டில் எல்.ஈ.டி. ஒளியைப் பாய்ச்சுவது வழக்கமான முறை. அந்த ஒளி நாலாபக்கமும் சிதறி, சிறு பங்குதான் கண்ணுக்கு வருகிறது. அந்தி நேர வேட்டைக்கு அது தாராளம், உச்சி வெயிலுக்குக் காணாது. ஒளியிழையின் முனையையே புள்ளியாக வைத்தாலோ, நுண்வரிகளால் ஒளியைக் கண்பக்கம் திருப்பினாலோதான் வெயிலோடு போட்டி போட முடியும்.

அடுத்தது ரெட்டிக்கிள் உட்காரும் இடம். உருப்பெருக்கும் லென்ஸ்களுக்கு முன்னால், அதாவது முதல் குவியத்தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தோடு கோடுகளும் வளரும், சுருங்கும். எந்த எண்ணில் வைத்தாலும் அளவுகள் சரியாக இருக்கும். ஆனால் 1×-இல் முழு ரெட்டிக்கிளும் சிலந்தி நூலாகிவிடும். அவற்றுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் தளத்தில் புள்ளி எப்போதும் ஒரே அளவு, அதைப் பளிச்சென்று எரிய வைப்பதும் சுலபம். அதற்கு விலை உண்டு: தூரம் கூடும்போது குண்டு தாழ்வதை ஈடுகட்டும் கீழ்க்கோடுகள் பொதுவாக உச்ச உருப்பெருக்கத்தில் மட்டுமே பொருந்தும். 6×-க்குப் போட்ட கோட்டை 3×-இல் நம்பினால் அது இரண்டு மடங்கு காட்டும்.

வோர்டெக்ஸ் ரேஸர் ஹெச்.டி. ஜென் II-இ 1-6×24 இரண்டாம் தள வகை. எடை சுமார் 610 கிராம். கையில் எடுத்ததும் தெரியும். பகல் புள்ளி என்றால் எனக்கு அளவுகோலே இதுதான். 1×-இல் கண்ணாடியின் விளிம்பு மறைந்து, காட்சிக்கு நடுவே சிவப்புப் புள்ளி மட்டும் நிற்கும். ஆள் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் படம் கறுக்காது. 300 கெஜத்துக்குள் சுடுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இது.

டிரைஜிகான் அக்யுபாயின்ட் 1-6×24-க்கு பேட்டரியே கிடையாது. மேலே இருக்கும் ஒளியிழை வெளிச்சத்தை வாங்கிப் புள்ளிக்குக் கொடுக்கிறது. இருட்டில், தானாகவே ஒளிர வைக்கும் கதிரியக்க வாயுவான டிரிட்டியம் கைகொடுக்கிறது. வெயில் ஏற ஏறப் புள்ளியும் தானாக ஏறும், அதிகமானால் மூடியைத் திருப்பிக் குறைக்கலாம். டிரிட்டியம் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். பகல் வேலைக்கு அது பொருட்டில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தகரக் கூரையின் நிழலில் நீங்கள் நிற்க, தகடு வெயிலில் நின்றால், இழை வாங்குவது நிழலின் வெளிச்சத்தை. பளீரென்ற பின்னணியில் புள்ளி மங்கிப்போகும். சுடுதளங்களில் பாதி நேரம் கூரைக்குக் கீழேதான் நிற்கிறோம். திறந்த வெளியில் நடந்து வேட்டையாடுபவருக்கு இதைவிட நம்பகமான பொருள் அரிது. கூரைக்குக் கீழே நிற்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். நிறத்தையும் யோசித்து வாங்குங்கள். அம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) நிறம் பாலைவன மணலில் கரைந்துவிடும். பச்சை நம் கண்ணுக்கு அதிகப் பிரகாசமாகத் தெரியும், ஆனால் புல்வெளியில் ஒளிந்துகொள்ளும்.

நைட்ஃபோர்ஸ் என்.எக்ஸ்.8 1-8×24 முதல் தள வகை. சுமார் 480 கிராம்தான், நீளமும் குறைவு. முதல் தளத்தில் இருந்துகொண்டே பகலில் தெரியும் ஒளி கொடுப்பது சாதாரண வேலையில்லை. ஆனால் கண் வைக்கும் இடம் இறுக்கம். 24-ஐ 8-ஆல் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றை 3 மி.மீ.தான். வெயிலில் நம் பாவையும் 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடுவதால் வெளிச்சம் குறையாது. தலை சற்று நகர்ந்தால் மட்டும் படம் போய்விடும். பாலைவன நண்பகலில் கானல் வேறு அலையடிக்கும், 8×-இல் தகட்டோடு அந்த அலையும் பெரிதாகும். இருந்தாலும் 400 கெஜத்துக்கு மேல் அளவெடுத்துச் சுடுபவர் இதைத்தான் பார்க்க வேண்டும். முதல் தளத்தை நாடுபவர்கள் போட்டிக்காரர்கள் மட்டுமில்லை: அமெரிக்க மரைன் படை 2020-இல் தேர்ந்த டிரைஜிகான் வி.சி.ஓ.ஜி. 1-8×28-உம் இந்த வகைதான்.

பட்ஜெட் இடிக்கிறதா? பிரைமரி ஆர்ம்ஸ் எஸ்.எல்.எக்ஸ் 1-6×24 நோவா. ரேஸரின் விலையில் ஒரு சிறு பகுதிதான், ஒளியிழைப் புள்ளி, வெயிலில் நிஜமாகவே தெரிகிறது. கண்ணாடியின் ஓரத் தெளிவில் ரேஸரை எட்டாது. அதே விலையில் பக்கவாட்டு எல்.ஈ.டி. ஸ்கோப் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எதை வாங்கினாலும், புது பேட்டரி போட்டு (அக்யுபாயின்டுக்கு அந்த வேலை இல்லை) கடைக்கு வெளியே எடுத்துவந்து பாருங்கள். 1×-இல் வைத்து, வெயிலடிக்கும் வெள்ளைச் சுவரை இரு கண்ணும் திறந்து நோக்குங்கள். பிறகு நிழலுக்குள் போய் அதே சுவரைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டில் பூட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். குழாயில் மவுண்டின் வளையத் தடம் விழுந்த ஸ்கோப்பைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் தயங்குவார்.