போனோவின் 'சரண்டர்': வாங்குவதென்றால் ஒலிப்புத்தகமாக வாங்குங்கள்

அயர்லாந்தின் ராக் இசைக்குழுவான யு2வின் பாடகர் போனோ, 2022 நவம்பரில் வெளியிட்ட தன் வாழ்க்கைக் கதை 'சரண்டர்' என்னிடம் இரண்டு வடிவத்திலும் இருக்கிறது. அலமாரியில் 500 பக்கங்களுக்கு மேல் கனமான அச்சுப் புத்தகம், போனில் ஒலிப்புத்தகம். எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் ஒலிப்புத்தகத்தைத்தான் சொல்கிறேன். சுமார் 20 மணி நேரம் ஓடும், போனோவே வாசிக்கிறார். அப்பாவைப் போலப் பேசிக் காட்டும்போது அசல் டப்ளின் பேச்சு வந்துவிடுகிறது. நடுநடுவே பாடல்களைப் புதிதாக, நிதானமாகப் பாடிக் காட்டுகிறார். அச்சில் அவரே வரைந்த படங்கள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனாலும் பாட்டு எழுதினவரின் குரலுக்கு அது ஈடாகாது.

நான் திருநெல்வேலிப் பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, சர்ச் ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். யு2வைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு அறிமுகம்: 2019இல் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து 'அகிம்சா' பாட்டைச் செய்தவர்கள் இவர்கள். அதன் தொடக்கத்தில் ஒலிப்பது திருக்குறள். அதே ஆண்டு டிசம்பரில் மும்பையில் கச்சேரியும் செய்தார்கள்.

புத்தகத்தில் 40 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு யு2 பாட்டின் பெயர். 2016 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த இதய அறுவை சிகிச்சையில் தொடங்கி, அங்கிருந்து சின்ன வயதுக்குப் போகிறார். இந்த மாதிரிப் புத்தகங்களில் எனக்கு ஒரு பயம் உண்டு. எழுதினவரே வந்து 'இந்தப் பாட்டுக்கு அர்த்தம் இதுதான்' என்று ஆணி அடித்துவிட்டால், அதுவரை அந்தப் பாட்டை நான் கேட்டு வந்த விதம் என்னாவது? போனோ பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. பாட்டு பிறந்த வீட்டையும் தெருவையும் சண்டையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். புத்தகம் நன்றாக அமைந்த இடங்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன.

முக்கியமாக அம்மாவின் கதை. அம்மா பெயர் ஐரிஸ். 1974 செப்டம்பரில், தன் அப்பாவை அடக்கம் செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தார், சில நாட்களில் இறந்துபோனார். போனோவுக்கு அப்போது 14 வயது. அதன்பிறகு சீடர்வுட் ரோட்டில் இருந்த அந்த வீட்டில் அப்பா பாப், அண்ணன் நார்மன், போனோ என்று மூன்று ஆண்கள். மூவரும் ஐரிஸின் பேச்சையே எடுப்பதில்லை. அண்ணனுக்கு டப்ளின் விமான நிலையத்தில் வேலை. அங்கே மிஞ்சும் விமானச் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டு வருவார், அதைத்தான் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஐ வில் ஃபாலோ'வை நான் பல வருடம் காதல் பாட்டாகவே கேட்டு வந்திருக்கிறேன். 1980இல் வந்த அந்தப் பாட்டு, தாயன்பு எதையும் எதிர்பார்க்காமல் பிள்ளையின் பின்னாலேயே போவதைப் பற்றியது. இறந்துபோன அம்மாவின் பெயரை வைத்தே ஒரு பாட்டை வெளியிட அவருக்கு 2014 வரை ஆகியிருக்கிறது. வீட்டில் சொல்லாமல் விட்ட பெயரை 40 வருடம் கழித்து மைக்கில் சொல்லியிருக்கிறார். இந்த அத்தியாயத்துக்காக மட்டுமே இதை வாங்கலாம் என்பேன்.

அப்பா வரும் இடங்களும் அருமை. பாப் தபால் துறையில் வேலை பார்த்தவர், ஓப்பரா பைத்தியம், நன்றாகப் பாடுவார். மகனைப் பார்த்து, நீ உச்சக் குரல்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நடுக்குரல்காரன் என்று சொன்னவர். டப்ளின் பக்கத்தில் இருக்கும் டால்கியில் ஃபின்னகன்ஸ் என்ற மதுக்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து, அதிகம் பேசிக்கொள்ளாமலே குடிப்பார்கள். 2001இல் யு2 சுற்றுப்பயணத்தில் இருந்தபோது அப்பா இறந்துபோகிறார். அதற்குப் பிறகு தன் குரலே மாறிவிட்டது என்கிறார் போனோ. ஒலிப்புத்தகத்தில் அந்தக் குரலிலேயே இதைக் கேட்கும்போது வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

'ஒன்' பாட்டுக்கு வருகிறேன். 1990 அக்டோபரில், இரண்டு ஜெர்மனிகளும் ஒன்று சேரும் நேரத்தில், குழு பெர்லினுக்குப் போய் ஹான்சா ஸ்டுடியோவில் உட்கார்கிறது. எதுவும் அமையவில்லை, நான்கு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, குழுவே உடையும் நிலை. வேறொரு பாட்டின் நடுப்பகுதிக்காக கிடார் வாசிப்பவரான எட்ஜ் போட்டுப் பார்த்த இரண்டு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசைகளை, தயாரிப்பாளர் டேனியல் லான்வா சேர்த்து வாசிக்கச் சொல்ல, 'ஒன்' பிறந்தது. எட்ஜின் மணவாழ்க்கையும் அப்போதுதான் முறிந்துகொண்டிருந்தது. இவ்வளவு கசப்பில் வந்த பாட்டை ஜனங்கள் கல்யாணத்தில் போடுகிறார்களே என்று போனோ ஆச்சரியப்பட்டுச் சொல்வதுண்டு. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வரவேற்புகளில் எங்களுக்கு வரும் துண்டுச் சீட்டுகளில் பாதி, பிரிவையும் சாவையும் பாடும் பாட்டுகள்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க, நாங்கள் வாசிப்போம். கேட்பவர்களுக்கு மெட்டு முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை அவர்களே அதில் வைத்துக்கொள்கிறார்கள்.

'வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' பாட்டுக்கு அடிப்படை, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒருவர் குடியிருக்கும் தெருவைச் சொன்னாலே மதமும் வசதியும் தெரிந்துவிடும் என்ற விஷயம். 'எந்தத் தெரு?' என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1985இல் மனைவி ஆலியோடு எத்தியோப்பியாவில் நிவாரண வேலை செய்த அனுபவமும் அதில் கலந்திருக்கிறது. வரிகள் முழுமையடையாத வரைவுதான் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறார், எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மூன்றின் கணக்கில் தொடங்கி நாலுக்கு மாறும் அந்த கிடார் முகப்பைப் பிடிப்பதற்குள் எங்கள் டிரம்மர் திணறிப்போவான். ஸ்டுடியோவிலும் இதே கதைதான். வேலை இழுத்துக்கொண்டே போக, தயாரிப்பாளர் பிரையன் ஈனோ டேப்பையே அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று கிளம்பிவிட்டார். உடனிருந்த ஒலிப்பொறியாளர் தடுத்ததால் பாட்டு பிழைத்தது.

இப்படிப்பட்ட இசை விவரம் எனக்குப் போதவில்லை என்பதுதான் என் முதல் குறை. எட்ஜின் கிடார் ஒலி இல்லாமல் யு2 இல்லை. ஆனால் அந்த ஒலி எப்படி உருவானது என்று தேடுபவனுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். இரண்டாவது குறை இன்னும் பெரியது. பிற்பகுதியில் கடன் தள்ளுபடி, எய்ட்ஸ் மருந்து, அதிபர்களோடு சந்திப்பு என்று புத்தகம் வேறு பக்கம் போய்விடுகிறது. அந்த வேலைகளில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அத்தியாயத்தின் தலைப்பில் பாட்டின் பெயர் இருக்கிறது, உள்ளே அந்தப் பாட்டைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த மணி நேரங்களை நான் வேகமாக ஓடவிட்டுத்தான் கேட்டேன்.

'பிரைடு' பாட்டில் மார்ட்டின் லூதர் கிங் அதிகாலையில் சுடப்பட்டதாக வரும். 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுடப்பட்டது மாலை 6 மணிக்குப் பிறகு. பின்னாளில் மேடைகளில் போனோ சில முறை மாலை என்று திருத்தியே பாடியிருக்கிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

2023 மார்ச்சில் 'சாங்ஸ் ஆஃப் சரண்டர்' என்று 40 பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார்கள். பியானோவோடு வரும் 'ஒன்' பிரமாதம். மற்ற பலவற்றுக்குப் பழைய பதிவே மேல். அதனால் புத்தகம் கேட்பவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் அந்தப் பாட்டின் பழைய பதிவை ஒரு முறை முழுதாகக் கேளுங்கள், போனோ சொல்வதை அப்புறம் கேட்கலாம். வரிசையாகப் போக நேரமில்லை என்றால் ஐரிஸின் பெயரில் இருக்கும் மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள்.