கூலன்ட் சென்சார்: செத்ததைவிடப் பொய் சொல்வதுதான் தொல்லை

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை அளப்பது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அது அடியோடு செத்துப்போனால் பிடிப்பது சுலபம். செக் இன்ஜின் லைட் எரியும், பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடும், ஸ்கேனரில் பி0117 அல்லது பி0118 என்ற பிழைக் குறியீடு வந்து நிற்கும். படுத்தி எடுப்பது அரைகுறையாகக் கெட்டதுதான். 90 டிகிரியில் ஓடும் இன்ஜினை 50 என்று சொல்லிக்கொண்டிருக்கும். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாக விடும், ஃபேனையும் போடாது. லைட் எரியாமலே மைலேஜ் இறங்கும், சூடான வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், சைலன்சர் வாயில் கரி படியும். பிளக்கை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று செலவு வேறெங்கோ போகும்.

நாள்பட்ட பயன்பாட்டில் அதிகம் கைகொடுப்பது காலைச் சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். மலிவான ஸ்கேனரே இதற்குப் போதும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தாறு டிகிரிக்கு மேல் விலகினால் சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்த பின் அளவு சீராக ஏறணும். 45, 70, மறுபடி 52 என்று குதித்தால் சென்சார் அல்லது கனெக்டர். சீராக ஏறி 65லேயே நின்றுவிட்டால் சென்சாரைத் திட்டாதீர்கள். அநேகமாக, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கும்.

இரண்டு வயர் சென்சார் என்றால் கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்கேனர் மைனஸ் 40 காட்ட வேண்டும். கனெக்டரின் இரு முனையையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் 130க்கு மேல் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங் சரி, குற்றவாளி சென்சார். சில இசியுக்கள் கனெக்டர் கழன்றதும் ஒரு கற்பனை அளவைக் காட்டி ஏமாற்றும், அதையும் நினைவில் வையுங்கள். மூன்று வயர் சென்சாரில் வயரிங் படம் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

மாற்றும் முன் கனெக்டர் பின்னைப் பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்த பின்னை இறுக்கினாலே பாதி கேஸ் முடிந்துவிடும்.

புது சென்சாரைப் பூட்டுமுன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். பரவலாக இருக்கும் வகையில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரி வெந்நீரில் 300 ஓம் சுமாருக்கு வரும். டூப்ளிகேட் சரக்கு பெரும்பாலும் சூட்டில்தான் சொதப்பும். இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள், வாஷர் அல்லது ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள், சிந்திய கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக்குமிழ் முனையில் தங்கினால் புது சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும். பழையதன் முனையில் வெள்ளைப் படிவு தட்டியிருந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சிஸ்டத்தைக் கழுவிவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள்.