அக்ரா போனா ஆர்டிஸ்ட்ஸ் அலையன்ஸ் கேலரிய விட்டுடாதீங்க

கானாவுக்கு வேலையாவோ சுத்திப்பாக்கவோ போறவங்க அக்ராவில அரை நாள் இதுக்குன்னே ஒதுக்கிடுங்க. லா ஏரியாவில கடலை ஒட்டி ஒமான்யே ஹவுஸ்னு மூணு மாடி கட்டடம்தான் இந்த கேலரி, ஓவியர் அப்லாடே குளோவர் ஆரம்பிச்சது, 2008ல ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து திறந்து வெச்சாரு.

நான் போனதே குளோவரோட மார்க்கெட் படங்களுக்காகத்தான். ரொம்ப கிட்ட நின்னா ஒண்ணுமே புடிபடாது, சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமா பெயிண்ட்டு திட்டுத் திட்டா அப்பியிருக்கும், கத்தியால இழுத்த தடம் ஓரத்துல வரப்பு கட்டி நிக்கும். அப்படியே நாலஞ்சு எட்டு பின்னாடி வந்தா அந்தத் திட்டெல்லாம் தலைத்துணி, தோளு, குடைன்னு பிரிஞ்சு ஒரு சந்தையே முண்டியடிச்சுக்கிட்டு நிக்குது. ஒருத்தருக்கும் கண்ணு மூக்கு வரையல, ஆனா அத்தனை பேரும் பேரம் பேசுறாங்கன்னு தெரியுது! எப்படிங்க இது?

பிரஷ் இல்ல, பேலட் நைஃப். கொத்தனார் கரண்டியோட குட்டி சைஸ்னு வெச்சுக்கோங்க. மனுஷன் 1934ல பிறந்தவர், லண்டன்ல முதல்ல படிச்சது டெக்ஸ்டைல் டிசைன், ஊருக்குத் திரும்பி அக்ராவில படங்களை காட்சிக்கு வெச்சதுல கானாவோட முதல் ஜனாதிபதி என்க்ரூமாவோட ஸ்காலர்ஷிப் கிடைச்சு இங்கிலாந்துல நியூகாசில் போனாரு, கத்தியப் புடிச்சது அங்கதான். துணி டிசைன் படிச்சதும் வீண் போகல, அவர் வரைஞ்ச கூட்டத்தைப் பாத்தாலும் தகரக் கூரைகளைப் பாத்தாலும் அந்த அச்சுத்துணி ஒழுங்கு உள்ளுக்குள்ள ஓடுது. அப்புறம் அமெரிக்காவில டாக்டரேட், 1994 வரைக்கும் கானாவிலயே குமாசி யுனிவர்சிட்டில வாத்தியார் வேலை.

எனக்கு அவர் மேல மரியாதை கூடினது எங்கன்னா, இவ்ளோ பெரிய இடத்தை தன் படத்துக்கு மட்டும் வெச்சுக்கல. விஸ் குடோவர் மாதிரி பெரிய கைகள்லேர்ந்து இப்பதான் வரைய வந்த பசங்க வரைக்கும் சுவர்ல இடம் இருக்கு, முகமூடி, கென்டேன்னு சொல்ற கானா கைத்தறித் துணின்னு பழைய சாமான்களும் பாக்கலாம்.

குளோவர் ஒரிஜினல் வாங்குறது நம்மள மாதிரி மாச சம்பளக்காரங்களுக்கு கனவுதான், இளசுகளோட சின்ன படங்களைப் பாருங்க. போட்டோவில பாத்துட்டு போதும்னு இருந்துடாதீங்க, அந்த பெயிண்ட்டோட தடிமன் போன்ல வரவே வராது, சைடுல நின்னு வெளிச்சம் படுறப்போ பாக்கணும். முடிஞ்சா காலையில அக்ராவோட மகோலா மார்க்கெட்ல ஒரு சுத்து சுத்திட்டு அப்புறம் இங்க வாங்க, படம் இன்னும் நல்லா புடிபடும்.