‘வளர்ப்புக் கல்’ என்று விற்கப்பட்ட பவளப்பாறையும் அதனுள் இருந்த புழுவும்: ஓர் எச்சரிக்கை

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்க எண்ணியிருப்பவர்களும், ‘லைவ் ராக்’ (நீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியா குடியேறிய கல்) என்ற பெயரில் கல் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் உள்ள ஒரு கடையில் கிலோ 500 ரூபாய் வீதம் 14 கிலோ கல் வாங்கினேன். நம் நாட்டில் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆகவே, இது எங்கிருந்து வந்தது என்று வாங்கும்போதே கேட்டேன். “கடல் கல் நாங்க தொடுறதே இல்ல சார், இது சிமென்ட்ல செஞ்சு எங்க தொட்டியிலேயே ஒன்றரை வருஷம் ஊறப்போட்டது” என்றார் உரிமையாளர். கல் முழுவதும் ஊதா நிறப் பாசி படிந்திருந்ததால் அடியில் இருப்பது சிமென்டா பவளச் சுண்ணாம்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. நம்பினேன்.

தொட்டி 4 அடி நீளமுள்ளது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், மூன்று நீல டாம்சல் மீன்கள், இரண்டு இறால்கள் இருந்தன. கோமாளி மீனைப் பொறுத்தவரை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் குஞ்சு பொரிப்பு நுட்பத்தை எப்போதோ உருவாக்கிவிட்டது என்பதால், பண்ணைக் குஞ்சுகளையே தேடி வாங்கியிருந்தேன். மூன்றாம் மாதத்தில் ஒரு டாம்சல் காணாமல் போனது. பத்து நாள் கழித்து இன்னொன்று. செத்திருந்தால் உடலாவது மிதக்க வேண்டும், முள்கூடக் கிடைக்கவில்லை. கடையில் கேட்டபோது, நீரில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சு) ஏறியிருக்கும் என்று சொல்லி 900 ரூபாய்க்கு ஒரு பாக்டீரியா புட்டியைக் கொடுத்தார்கள். வீட்டில் சோதித்துப் பார்த்தால் அம்மோனியா சுழியமாக இருந்தது. மறுபடி போனபோது, சிறு புழு ஏதாவது இருந்தால் தின்றுவிடும் என்று கூறி, ஆறு கோடுகள் கொண்ட ராஸ் மீன் ஒன்றை 2,200 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். அந்த மீன் இரவில் பாறை இடுக்கில் போய்த் தூங்கும் வழக்கமுடையது. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை.

கல்லுக்குள் பெரிய புழு ஏதோ ஒளிந்திருக்கலாம் என்று சந்தேகித்து, அதன் பிறகே இரவில் விழித்திருந்து பார்க்கத் தொடங்கினேன். அப்படி ஒளிந்து வேட்டையாடும் புழுக்கள் வெள்ளை வெளிச்சம் பட்ட நொடியில் வளைக்குள் இழுத்துக்கொள்ளும். சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டி, தொட்டி விளக்கு அணைந்து மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, நடுக்கல்லின் துளையிலிருந்து என் சுண்டுவிரல் பருமனில், எண்ணெய் படிந்த நீரைப் போல நிறம் மாறி மின்னும் உடல் ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீண்டு மணலைத் துழாவிக்கொண்டிருந்தது. தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருந்தன. இந்த ஐந்து கொம்புகளை நினைவில் வையுங்கள். தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் பிரிசில் வார்ம் உடலின் இருபுறமும் வெண்முட்கள் கொத்துக் கொத்தாகத் துருத்தியிருக்கும் இளஞ்சிவப்புப் புழு. மிச்ச உணவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பது அது. நான் பார்த்தது யூனிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஒளிந்திருந்து மீனைக் கவ்வுவதற்குப் பேர்போன பாபிட் புழுவும் இந்தப் பேரினத்தில் ஒன்றுதான். என்னுடையது அதே இனமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். யூனிஸ் புழுக்கள் எல்லாமே மீன் தின்பவையும் அல்ல. படத்தை அனுப்பியபோது கடைக்காரர், “அது நல்ல புழு சார், விட்டுடுங்க” என்று பதில் அனுப்பினார்.

பிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இறால் துண்டு போட்ட புட்டிப் பொறி பயன்படவில்லை; அப்பாவிப் பிரிசில் வார்ம்கள்தான் அதில் சேர்ந்தன. எந்தக் கல், எந்தத் துளை என்று நான்கு இரவுகள் பார்த்து உறுதி செய்துகொண்டு, பகலில் அந்தக் கல்லை மட்டும் தூக்கித் தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வைத்தேன். நல்ல தண்ணீரில் மூழ்கடித்தால் புழு உள்ளேயே செத்து அழுகி, கல் தொட்டிக்குத் திரும்பியதும் அம்மோனியாவைக் கிளப்பும் என்பதால் அதைத் தவிர்த்தேன். புழுவை வெளியே விரட்ட, ஊசியில்லாத சிரிஞ்சால் சாதாரண சோடாவைத் துளைக்குள் பீய்ச்சினேன். (பன்னீர் சோடா வேண்டாம், சர்க்கரையும் வாசனையும் கலக்காதது வேண்டும்.) மூன்றாவது முறை பீய்ச்சியதும் புழு பாதியளவு வெளியே வந்தது. தடித்த ரப்பர் கையுறையோடு இடுக்கியால் பிடித்த நான் அவசரப்பட்டு இழுத்துவிட்டேன், அறுந்தது. தலை கையோடு வந்தது என் நல்ல நேரம். தலைப் பகுதி உள்ளே தங்கி வால் மட்டும் அறுந்திருந்தால், இழந்ததை அது மீண்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். மிச்சத்தை எடுக்க உளியும் சுத்தியலும் கொண்டு கல்லை உடைத்தேன். இரண்டு துண்டையும் சேர்த்து அளந்தால் 58 சென்டிமீட்டர் இருந்தது.

இதைப் பெரிது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பிரிட்டனின் நியூகீ நகரில் உள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் 2009ஆம் ஆண்டு மீன்களும் பவளங்களும் தொடர்ந்து சேதமாகி, கடைசியில் பாறைகளைப் பிரித்தபோது ஏறத்தாழ 4 அடி நீளப் பாபிட் புழு வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானின் ஷிராஹாமாவில் ஒரு மிதவைக்குள் கண்டெடுக்கப்பட்டது 299 சென்டிமீட்டர்.

ஆனால் என்னை உலுக்கியது புழு அல்ல, உடைந்த கல்லின் உட்புறம்தான். சிமென்ட் கல்லாக இருந்தால் உடைந்த முகம் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருந்திருக்கும். இதிலோ வெள்ளைச் சுண்ணாம்பில், நட்சத்திர வடிவக் குழிகள் வரிசை வரிசையாக அடியாழம் வரை ஓடின. பவள உயிரிகள் ஒவ்வொன்றும் குடியிருந்த கூடு அது. எந்தப் பட்டறையிலும் வார்க்க முடியாது. மற்ற கற்களின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன், அதே நட்சத்திரங்கள். பாறை உருவாக்கும் பவளங்கள் 2001ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், உள்ளன. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அதாவது, 7,000 ரூபாய் கொடுத்து ஒரு புழுவை மட்டும் நான் வாங்கவில்லை. ஒரு வழக்கையும் சேர்த்து வாங்கி வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைத்திருந்தேன்.

துண்டைக் காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். புழு என் வீட்டு மணலிலிருந்து வந்திருக்கும் என்றார் உரிமையாளர். நட்சத்திரக் குழிகளைக் காட்டியதும் குரல் மாறி, பில்லைப் பார்க்கச் சொன்னார். அதில் ‘அலங்காரக் கல்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்து, ஒரு டப்பா மீன் தீவனத்தை நீட்டினார். வாங்கவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசித்து, நடந்ததை எழுதிக் கொடுத்து, கற்கள் அனைத்தையும் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த ‘அலங்காரக் கல்’ பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி வாங்குவோர், ‘சிமென்டால் செய்யப்பட்ட செயற்கைக் கல்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு துண்டைக் கண்முன்னே உடைத்துக் காட்டவும் சொல்லுங்கள். உண்மையில் சிமென்ட் கல் விற்பவருக்கு அதனால் நட்டம் ஒரு கைப்பிடித் துண்டுதான். ஈரமில்லாத கல்லாக வாங்கி, பாக்டீரியா குடியேறும்வரை ஒன்றிரண்டு மாதம் மீனின்றிக் காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். ‘வளர்ப்புக் கல்’ என்ற பலகை அப்படியே தொங்குகிறது. விலை மட்டும் கிலோ 550 ஆகியிருக்கிறது.